ஒன்றும் செய்யாத படம்

சூரிக் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தார். தலை மேலும் கீழும் போய்வந்ததே தவிர முத்திரை விழவில்லை. பக்கத்து வரிசைக்காரர்கள் எல்லாம் ஜாலியாகக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இந்தியர் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் அவர் விசாவில் இருந்த படத்தின் மேல் விரலை வைத்து, "இது நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பின்னே, எங்க அக்காவா?" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, "யெஸ் சார்" என்றேன். சிரிக்காமல் முத்திரை குத்தினார். விசாவுக்குக் கொடுத்த அந்தப் படம் என் சொந்த ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் என்ன குறை கண்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான் தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். கல்யாணம், காதுகுத்து எடுப்பதோடு, மற்றவர்கள் எடுத்த படங்களைத் திருத்தியும் கொடுப்பேன். ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரத்தில் போட்டோக் கடை வைத்திருக்கும் குகன் அண்ணாச்சி என் நெடுநாள் வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எடுக்கும் கல்யாணப் படங்கள் இணையம் வழியாக எனக்கு வரும். நான் முகங்களைத் துலக்கி, ஆல்பமாக்கித் திருப்பி அனுப்புவேன். ஸ்விஸ் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேரின் கன்னத்துப் பரு எனக்கு அத்துப்படி. ஒருத்தி பெயரும் தெரியாது. இந்தத் தடவை அவருடைய கேமராக்காரர் லீவில் போய்விட, "தங்கச்சி, ஒருக்கா நீயே வந்து எடுத்துத் தாவன்" என்றார். வந்துவிட்டேன்.

ரயில் நிற்கும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நிற்பது நம்மூர்ப் பழக்கம். நின்றேன். பீல் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி கையை ஆட்டினார். வீடியோவில் பார்த்த அதே மீசை. நானும் ஆட்டினேன். கதவு திறக்கவில்லை. திறக்கும், திறக்கும் என்று நின்றேன். அவர் கையை வேறு மாதிரி ஆட்டினார். ஆசையாக வரவேற்கிறார் என்று நினைத்து நான் இன்னும் பலமாக ஆட்டினேன். ரயில் கிளம்பிவிட்டது. கதவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் திறக்குமாம். இதை யாராவது முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

"பட்டனை அமத்து எண்டெல்லோ கையைக் காட்டினனான்!" என்று போனில் கத்தினார் அண்ணாச்சி. நுஷாத்தெல் என்ற ஊரில் போய் இறங்கினேன். இறங்கியதும் பேச்செல்லாம் பிரெஞ்சாகிவிட்டது. நாயோடு வந்த ஒரு பெண்மணி என்னைப் பீல் போகும் ரயிலில் ஏற்றிவிட்டு, தானும் அதே ரயிலில் உட்கார்ந்தார். அந்த நாய்க்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். பீல் வந்ததும் நான் எழுவதற்கு முன்பே ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கி, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். நாய்கூட என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

இரவு இடியப்பமும் சொதியும். அண்ணாச்சியின் மனைவி வதனி அக்கா பரிமாறினார். எங்கள் பக்கம் சொதி என்றால் காய்கறி முட்டிமோதிக்கொண்டு கிடக்கும். இங்கே கரண்டியை விட்டுத் தேடினால் ஒரு பச்சை மிளகாய் அகப்பட்டது. "இது சொதியா, பாலில் மஞ்சள் தவறி விழுந்ததா அக்கா?" என்றேன். "நீ வாயை மூடிச் சாப்பிடு பிள்ளை. உங்கட ஆக்களுக்குச் சொதிக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்று இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் போட்டார். உண்மையைச் சொன்னால், அந்தத் தண்ணீர்ச் சொதியை நான் கிண்ணத்தோடு எடுத்துக் குடித்தேன்.

வதனி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். "எங்களோட ஜோயல் எண்டு ஒரு பெடியன், கமரூன்காரன். தங்கமான பிள்ளை. கிழவியளைக் கட்டிலில இருந்து தூக்கேக்க ஒருத்திக்கும் நோகாது. இன்னும் கலியாணம் கட்டேல்லை. உனக்குப் பொம்பிளை பாக்கிறன் எண்டு தேத்தண்ணி குடிக்கேக்க எல்லாம் அவனோட பகிடிதான்." நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் கல்யாணம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியே பனி, உள்ளே மணவறை, வாழைமரம் பிளாஸ்டிக். மாலையில் மண்டபத்திலேயே லாப்டாப்பைத் திறந்து நாலு படம் காட்டினேன். பெண்ணின் தாயார் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "என்ர பிள்ளையோ இது? வெள்ளைக்காரி மாதிரியெல்லோ இருக்கிறாள்!" என்றார். என் லாப்டாப்பில் ஓர் அமைப்பு உண்டு. கேமராவின் நினைவட்டையைச் சொருகியதும் ஒவ்வொரு முகமும் கையும் தானாகவே வெளுத்து, வழவழப்பாகித்தான் உள்ளே வரும். அதைத் திருத்தம் என்று நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பல் துலக்குவதை யாராவது அலங்காரம் என்பார்களா? திருத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கடுத்த நாள் அண்ணாச்சியின் கடைக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். கறுப்பினத்தவர், தலைநிறையப் பின்னல், இடது கையில் மாவுக்கட்டு. பனி உறைந்த தெருவில் சைக்கிளோடு விழுந்திருக்கிறார். "உவ செலின். இஞ்ச பிறந்த பிள்ளை, தாய் தேப்பன் அங்கோலா. நல்லாப் படம் எடுப்பா. எங்கட மெசினிலதான் பெரிய பிரிண்ட் எல்லாம் போடுறவா" என்றார் அண்ணாச்சி. யாரைப் படம் எடுக்கிறார் என்று கேட்டேன். அண்ணாச்சி மீசையைச் சொறிந்தார். "அது… கறுப்பு ஆக்களை. அதுக்குள்ளயும் உந்த… எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீ அவவையே கேளன்."

கேட்டேன். செலினுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. எனக்கு ஏதோ வந்தது. "கறுப்பினத்தவர்களை. அவர்களிலும் குயர் ஆட்களை. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநர்கள், இது எதிலும் நான் அடங்க மாட்டேன் என்பவர்கள். இந்த நாட்டில் வாழ்கிறவர்கள். நானும் ஒருத்தி" என்றார்.

எனக்குத் திருநங்கைகளைத் தெரியும். அடையாள அட்டைப் படத்துக்கு என் கடைக்குத்தான் வருவார்கள். கறுப்பினத்தவர்களையும் துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கிப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று என் மண்டையில் ஒருநாளும் உதித்ததில்லை. ஏன் உதிக்கவில்லை என்பதும் விளங்கவில்லை. அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அதுதான் பிரச்சினையே" என்றார் செலின். கோபப்படவில்லை. "எங்கள் சனங்களின் கூட்டத்துக்குப் போனால் என்னில் பாதியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். குயர் கூட்டத்துக்குப் போனால் அங்கே கறுப்பாக இருப்பது நான் மட்டும்தான். யாராவது எங்களைப் படம் எடுக்க வந்தால் முதுகை எடுப்பார்கள், நிழலை எடுப்பார்கள். உங்கள் பாதுகாப்புக்கு என்பார்கள். எனக்கு முகங்களோடு ஒரு சுவர் வேண்டும்." சனிக்கிழமை கண்காட்சி. ஒரே ஒரு படம் பாக்கி. ஒற்றைக் கையால் பெரிய கேமராவைத் தூக்க முடியவில்லை. "எங்கட தங்கச்சி எடுத்துத் தருவா, இந்தியாவில பெரிய ஆள்" என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டார் அண்ணாச்சி.

கண்காட்சி நடக்கும் இடம் பழைய கடிகாரத் தொழிற்சாலை. மேல்மாடியில் சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். கடிகார வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்களாம். சுவரில் ஏற்கெனவே படங்கள் மாட்டியிருந்தன. ஆள் உயரம் ஒவ்வொன்றும். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்த கிழவர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், வெள்ளிக் கம்மல் போட்ட தாடிக்காரர். எல்லோரும் நேரே என்னைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விடவில்லை. கீழே பூச்சட்டிகள் வேறு. பெரிய படம், தனியாள், கீழே பூ. நான் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். "எப்போது இறந்தார்கள்?" என்று மெதுவாகக் கேட்டேன். செலின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டுக் கை வலித்திருக்க வேண்டும். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்களாம். சனிக்கிழமை வந்து கேக் சாப்பிடுவார்களாம்.

மதியச் சாப்பாடு செலினின் அம்மா கொடுத்தனுப்பியது. பச்சையாக எதையோ மசித்து வைத்திருந்தது. மரவள்ளி இலை! கிழங்கைத் தின்றுவிட்டு இலையை ஆட்டுக்குப் போடும் ஊர்க்காரி நான். நிலக்கடலையோடு வேகவைத்த அந்த இலையைச் சோற்றில் பிசைந்து தின்றபோது, எங்கள் ஆடுகளுக்கு நல்ல நாக்கு என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது படம் எடுத்துக்கொள்ள வேண்டியவர் வந்தார். உயரமான இளைஞர். கண்ணருகே சிறிய மச்சக் கூட்டம், தாடையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. கை கொடுத்து, "ஜோயல்" என்றார். முதியோர் இல்லத்தில் வேலை என்றார். எனக்கு மரவள்ளி இலை தொண்டையில் நின்றது.

வதனி அக்காவின் ஜோயல்தான். அவரே சொன்னார். "என்னோடு ஒரு தமிழ் அம்மா வேலை செய்கிறார். எனக்குப் பெண் பார்க்கிறார். முதலில் அவருக்குத்தான் நான் சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன்; ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவேன். சனிக்கிழமை இங்கே கூட்டிவந்து இந்தப் படத்தின் முன்னால் நிறுத்தப்போகிறேன். என் முகம் அங்கே இருந்தால் பேச்சை மாற்ற முடியாது அல்லவா?" அந்த அம்மா வீட்டில்தான் நான் தங்கியிருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் பயம் வந்தது. "சொல்லிவிடாதீர்கள். நான்தான் சொல்ல வேண்டும்" என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சைகைக்கு அர்த்தம் என்ன என்று செலினிடம் கேட்டார்.

ஜன்னல் பக்கம் உட்காரவைத்தோம். "தஞ்சம் கேட்டு வந்தபோது, நீ ஆணை விரும்புகிறவன் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்" என்றார் ஜோயல். "முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து எல்லோரும் சொல்வது, முகத்தை மட்டும் காட்டிவிடாதே. இதுவரை பத்திரிகையில் வந்த என் படமெல்லாம் முதுகுதான். என் முதுகு எனக்கே அலுத்துவிட்டது."

நான் பழக்கதோஷத்தில் விளக்கைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். அணைக்கச் சொன்னார் செலின். ஜன்னல் வெளிச்சம் போதுமாம். "இந்த இருட்டில் என்ன தெரியும்?" என்றேன். "கொஞ்சம் பொறு, உன் கண் பழகும்" என்றார். எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அட்டையைக் கழற்றித் தரும்போது செலின் இரண்டு தடவை சொன்னார்: "ஒன்றும் செய்யாதே. அப்படியே அச்சிடு." சத்தியமாக ஒன்றும் செய்ய மாட்டேன் என்றேன். கடைக் கணினியில் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் என் லாப்டாப்பில் அட்டையைச் சொருகி, வந்த படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

ஆள் உயரப் படம் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கடைக்கதவு திறந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வதனி அக்கா. இரண்டு கையையும் விரித்துப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். "என்னடி, கோழி அடைகாக்கிற மாதிரி நிக்கிறாய்?" என்று என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வடிவான பெடியன். ஆர், சினிமா நடிகரோ?" என்று கேட்டுவிட்டு, புட்டு ஆறமுன் சாப்பிடச் சொல்லிப் போய்விட்டார்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். தினமும் கூட வேலை செய்பவரை எப்படித் தெரியாமல் போகும் என்று ஒரு குழப்பம் வந்தது உண்மை. கண்ணாடி போடாமல் வந்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். அக்கா கண்ணாடியே போடுவதில்லை என்பது புட்டைத் தின்று முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாலையில் அண்ணாச்சியின் வேனில் படத்தைக் கொண்டுபோனோம். செலினும் ஜோயலும் காத்திருந்தார்கள். சுருளைப் பிரித்துச் சுவரோடு பிடித்தேன். இருவரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நன்றாக வந்திருக்கிறது, வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "இது யார்?" என்று கேட்டார் ஜோயல்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான். "என்ன செய்தாய்?" என்றார் செலின். ஒன்றும் செய்யவில்லை என்றேன். மறுபடி கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணுமே பண்ணலங்கிறேன்ல! இவங்க என்ன அண்ணாச்சி, திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க? ஒரு மச்சத்தத் தொட்டிருப்பேனா நான்?" என்று அண்ணாச்சியிடம் கத்தினேன். செலின் அட்டையைக் கேமராவில் போட்டுப் பின்திரையைக் காட்டினார். அதில் இருந்தவர் கறுப்பாக இருந்தார். "திரையோட வெளிச்சம் கம்மியா இருக்கு, கூட்டுங்க" என்றேன். அப்படியும் நம்பினேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல!

ஜோயல் சட்டைக் கையைச் சுருட்டி, தன் கையைப் படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வேறு வேறு ஆளின் கை. மச்சக் கூட்டம் இல்லை. தாடைத் தழும்பு இல்லை. காப்பியில் யாரோ பாலை ஊற்றிவிட்ட மாதிரி ஒரு முகம். அப்போதுதான் என் லாப்டாப்பின் அமைப்பு எனக்கு உறைத்தது. உறைத்ததும், சூழ்நிலையை எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்ற அவசரத்தில், உலகத்திலேயே மோசமான ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "கவலைப்படாதீர்கள். வதனி அக்கா இதைப் பார்த்தார். உங்களைக் கண்டுபிடிக்கவில்லை."

"பார்த்தாரா?" என்றார் ஜோயல். "என்ன கேட்டார்?" நடிகரா என்று கேட்டதைச் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு நாள் தைரியம் சேர்த்து வெளியே வந்தேன். வந்து பார்த்தால் என் இடத்தில் வேறு யாரோ நிற்கிறான்" என்றார். பிறகு செலினிடம், "பழைய முதுகுப் படத்தையே மாட்டு. அதுவாவது நான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேனில் அண்ணாச்சி பனி படிந்த முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "உந்த விசயங்கள் எனக்கு விளங்காது தங்கச்சி. பொய் சொல்லேல்லை. ஆனா அந்த விசாரணை அறை எனக்குத் தெரியும். நானும் இருந்தனான். உன்ர கதையைச் சொல்லு, திருப்பிச் சொல்லு, சாட்சி எங்க எண்டு கேட்டுக் கேட்டே ஆளை உரிச்சுப் போடுவாங்கள். நாங்கள் வந்த புதுசில பேப்பரில எங்களையும் முகமில்லாமத்தான் போட்டவங்கள். கறுப்பு உருவங்கள், பின்பக்கம். அந்தப் பேப்பரைப் பாத்துப்போட்டு பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஆரும் இருக்க மாட்டினம்." வண்டியை நிறுத்திவிட்டு, "நாளைக்குக் கடை பூட்டு. பேப்பர் முடியுமட்டும் பிரிண்ட் போடு" என்றார்.

காலையில் செலின் வந்துவிட்டார். முதல் வேலையாக அந்த அமைப்பை அழித்தேன். அழித்துவிட்டு அச்சிட்டால் கரிக்கட்டை மாதிரி வந்தது, முகமே இல்லை. "இது அடுத்த தப்பு. இதைத்தான் பத்திரிகைக்காரர்கள் செய்வார்கள்" என்றார் செலின். எனக்குத் தலை சுற்றியது. வெளுத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு என்றால் நான் எங்கே போவேன்? "தோலை விடு. தோலின் மேல் வெளிச்சம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்" என்றார். பார்த்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நெற்றியில் ஜன்னலின் நீலம் தெரிந்தது. கன்னத்தில் செம்மண் நிறம். கழுத்து மடிப்பில் ஊதா. இத்தனை நிறத்தையும் வருடக்கணக்காக வழித்து எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். "இது அப்படியே எங்கள் ஊர்க்…" என்று வாயெடுத்தேன். "சாப்பாட்டுச் சாமான் எதையும் சொல்லாதே" என்றார் செலின். கருப்பட்டி என்று சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

மாலையில் ஜோயல் வந்து புதுப்படத்தைப் பார்த்தார். தாடைத் தழும்பை விரலால் தொட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மாட்டுவாரா, கிழித்துப்போடுவாரா? செலினுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை கண்காட்சி மண்டபம் நிறைந்துவிட்டது. படத்தில் இருந்தவர்கள் எல்லாம் நேரில் நடந்து திரிந்தார்கள். நான் கும்பிட்ட கிழவர் என்னிடமே வந்து கேக் எங்கே என்று கேட்டார். அங்கே பார்த்தால், சுவரில் ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. முதுகுப் படமும் இல்லை, முகமும் இல்லை. எனக்குக் கேக் இறங்கவில்லை. அண்ணாச்சி ஆணியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக நின்றார்.

கடைசியில் வந்தார்கள். ஜோயலும் பின்னாலேயே வதனி அக்காவும், இருவரும் காலை வேலை முடிந்து நேரே. "என்னவோ காட்டவேணும் எண்டு இழுத்துக்கொண்டு வாறான். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச என்ன செய்யிறியள்?" என்றார் அக்கா. ஜோயல் ஆணிக்கு முன்னால் போய், கையில் இருந்ததை விரித்து மாட்டினார். ஒரு பக்கம் சரிந்தது, சரிசெய்தார். பிறகு விலகி நின்றார்.

"உது எங்கட ஜோயல் எல்லோ!" என்றார் அக்கா, மண்டபமே திரும்பிப் பார்க்க. "அந்தத் தழும்பைப் பார், அவன்தான்!"

ஜோயல் ஜெர்மனில் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. நாலைந்து வாக்கியம்தான் இருக்கும். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. சுவரைப் பார்த்தார். சுற்றி இருந்த எல்லாப் படங்களையும் பார்த்தார். திடீரென்று தமிழில் வெடித்தார். "இத்தினை வருசமா உனக்குப் பொம்பிளை பாக்கிறன், பொம்பிளை பாக்கிறன் எண்டு உயிரை எடுத்தனே! ஒரு சொல்லு சொல்லியிருக்கக் கூடாதோ, மடையா! ஒவ்வொரு நாளும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தனியே!" கண்ணில் தண்ணீர். ஜோயல் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்? கோபமா?" என்று கேட்டார். "கோபம்" என்றேன். "உங்கள் மேல் இல்லை. இல்லை, உங்கள் மேலும்தான்." என் ஆங்கிலம் அதற்குமேல் தாங்கவில்லை.

அக்கா தனியாக மண்டபத்தின் அந்தக் கோடி வரை போனார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். செலினோடு நாங்கள் நாலு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "எனக்கு முழுக்க விளங்கேல்லை தங்கச்சி. ஆனா திங்கக்கிழமை விடியக் காலமை இவனோடதான் டூட்டி. அங்க போய் நான் வேற முகம் காட்டேலுமோ?" என்றார். பிறகு ஜோயலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, படத்துக்குக் கீழே நிறுத்தி, பக்கத்தில் தானும் நின்றார். "எடு" என்றார்.

கேமராவைத் தூக்கினேன். "தங்கச்சி" என்றார் அக்கா, முகத்தை அசைக்காமல். "என்னை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கி விடு, என்ன?" அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். ஜோயல் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார் பாருங்கள், அந்தப் படத்தில் அவர் கண்ணே தெரியாது. அந்த அமைப்பு போய்விட்டது அக்கா என்று நான் சொல்ல, "நல்ல நேரம் பாத்து அழிச்சாய்" என்று அக்கா முறைக்க, அப்படியே எடுத்தேன். ஒன்றும் செய்யவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே.

திரும்பும்போது பொத்தானை நானே அமுக்கி இறங்கினேன் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். விமான நிலைய வரிசையில் நிற்கும்போது வதனி அக்காவின் குரல்பதிவு வந்தது. "தங்கச்சி, படம் கிடைச்சுது. ஜோயல் பெரிசாப் போட்டு, சட்டம் அடிச்சு, நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற அறையில மாட்டி வச்சிருக்கிறான். எல்லாருக்கும் அவனே சொல்லிப்போட்டான். கொஞ்சப் பேர் பேசாமப் போச்சினம். கொஞ்சப் பேர் கட்டிப்பிடிச்சினம். என்னை மட்டும் ஒருத்தரும் விடினம் இல்லை. அவன் இந்தச் சிரிப்புச் சிரிக்கிறான், நீ ஏன் கோவமா நிக்கிறாய் எண்டு கேக்கினம். கறுப்பா விழுந்தா பரவாயில்லை, கோவமாயும் விழுந்திட்டன்!"

சிரித்துக்கொண்டே கூண்டுக்கு முன்னால் போனேன். வேறு அதிகாரி. கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விசாப் படத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் ஸ்டுடியோ, என் லாப்டாப், அதன் வழியாக வந்த முகம். தூத்துக்குடி வெயிலில் பிறந்து வளர்ந்தவள் இல்லை அவள். "இது நீங்கள்தானா?" என்று கேட்டார்.

முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டது. "நான்தான். வெளுக்கவச்சுட்டேன்" என்றேன் தமிழில். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.